பணியாளுக்குப் பணிவிடை

வீட்டு வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டால், அந்த ஆள்தான் வீட்டுக்கு ஏற்றபடி வளைந்துகொள்ள வேண்டும் என்பது நாம் அறிந்த வழக்கம். நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சுற்றிப் பெருக்க வேண்டியது ஆளின் பொறுப்பு. கட்டில் தாழ்வாக இருந்தால் பெருக்குகிற முதுகு இன்னும் தாழ வேண்டும். தரையில் குழந்தையின் விளையாட்டுச் சாமான்கள் சிதறிக் கிடந்தால் அவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொட வேண்டும். இதையெல்லாம் யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததனாலேயோ என்னவோ, எந்தச் சட்டத்தையும்விட உறுதியாக இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் புதிய பணியாள் ஒன்று வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அரைச் சாண் உயரம், ஒன்றரைச் சாண் அகலம், பெரிய அண்டாவின் மூடியைப் போல வட்டமான உருவம். ரோபோ வாக்குவம் கிளீனர் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். தானே கிளம்பி, தானே பெருக்கி, களைத்தால் தானே திரும்பிப் போய் மின்சாரம் குடித்துவிட்டு மறுபடி வேலைக்கு வருகிறது. வந்த அன்றே அது நம்முடைய பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டது. அதற்காக வீடு வளைகிறது.

எதை வாங்குவது, எப்படிப் பேணுவது என்பதெல்லாம் கடைச்சரக்கு விவகாரம். இதில் தர்ம விசாரணைக்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். எனக்கென்னவோ பெரிய தர்மங்களெல்லாம் துடைப்பம் சாத்தி வைத்திருக்கும் மூலையில்தான் சோதிக்கப்படுகின்றன என்று தோன்றுகிறது. ஒரு வீட்டில் நீதி இருக்கிறதா என்று பார்க்க அங்கே மாட்டியிருக்கும் மகான்களின் படங்களைப் பார்த்துப் பயனில்லை. பெருக்குகிறவர் யார், அவருக்காக யார் காலைத் தூக்குகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முதலில் இந்த யந்திரத்தின் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம்.

1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், காற்றோடு தூசையும் உறிஞ்சி இழுக்கும் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை பூட்டிய வண்டியில் அதை ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுச் சுத்தம் செய்வார்கள். செல்வந்தர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். வீட்டுக்குள் ஒருவர் கையால் தள்ளிக்கொண்டு போகக்கூடிய சிறிய யந்திரத்தை உருவாக்கியவரோ பொறியாளர் அல்லர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பெரிய கடையில் பெருக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் அவர். அவருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது எழுந்த தூசு அவர் மூச்சை அடைத்தது. ஒரு மின்விசிறியின் மோட்டார், ஒரு துடைப்பக் கழி, ஒரு தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டே அவர் தம் யந்திரத்தை முடைந்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை விலைக்கு வாங்கிய ஹூவரின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. மூச்சுத் திணறியவரின் பெயரை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தள்ளுவதற்கும் ஆள் வேண்டாம் என்ற நிலை வர இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. ஸ்வீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-ல் டிரைலோபைட் என்ற யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா வந்தது. பரவலாக வீடுகளுக்குள் நுழைந்தது அதுதான். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ரோட்னி புரூக்ஸ், யந்திரத்துக்கு மனித மூளையைப் போன்ற ஒன்றைக் கட்டித் தர முயல்வதைவிடப் பூச்சியைப் பார்த்துப் பாடம் கற்கலாம் என்ற கருத்துடையவர். கரப்பான் பூச்சியிடம் வீட்டின் வரைபடம் கிடையாது. முட்டினால் திரும்புகிறது, வழி கிடைத்தால் ஓடுகிறது. அதன் காரியம் நடந்துவிடுகிறது. தொடக்க கால ரூம்பாவும் அப்படித்தான் முட்டி மோதிப் பெருக்கிற்று. எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

இன்றைய யந்திரங்களுக்குத் தெரியும். சிலவற்றின் தலையில் சுழலும் சிறு கோபுரம் ஒன்று லேசர் ஒளியை வீசி, சுவர்களின் தூரத்தை அளந்து, வீட்டின் படத்தை எழுதிக்கொள்கிறது. சிலவற்றுக்குக் கேமராவே கண். பத்தாயிரம் ரூபாய்க்கும் யந்திரம் கிடைக்கிறது. லட்சத்தைத் தொடுவதும் உண்டு.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘இழுவை எவ்வளவு?’ என்பதைத்தான். பாஸ்கல் கணக்கில் ஒரு பெரிய எண்ணைச் சொல்லிக் கடைக்காரர் அவர்களைத் திருப்திப்படுத்திவிடுகிறார். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் தரை வழவழப்பான கல்லோ ஓடோதான். அதிலுள்ள தூசை எடுக்க யானைப் பலம் வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை வேறு.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் யந்திரம் நுழையுமா? நிலைப்படியின் உயரம் என்ன? சாதாரணமாக இரண்டு சென்டிமீட்டர் வரை ஏறக்கூடியவைதாம் அதிகம். பழைய வீட்டு நிலைப்படிக்கு முன் அவை தலை குனிந்து திரும்பிவிடும். வீட்டில் நீண்ட கூந்தல் உள்ளவர்கள் எத்தனை பேர்? முடி, உருளைத் தூரிகையின் இரு முனைகளிலும் சுற்றிக்கொண்டு அதன் மூச்சை நிறுத்திவிடும். ஆகையால் தூரிகையைச் சுலபமாகக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தரை கறுப்பா? படிக்கட்டில் உருண்டு விழாமலிருக்க அடியில் அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்த்துக்கொண்டே போகிறது யந்திரம். கறுப்புத் தரை ஒளியை விழுங்கிவிட்டால், எதிரே பாதாளம் இருப்பதாக நினைத்து நின்றுவிடும். வடிகட்டியும் தூரிகையும் மின்கலமும் மூன்று ஆண்டுகள் கழித்தும் தனித்தனியே கிடைக்குமா? கைபேசியும் இணையமும் இல்லாமல், பொத்தானை அழுத்தினால் அது பெருக்குமா?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்ய வேண்டாம். நீட்டோ என்ற அமெரிக்க நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. 2025-ல் அதன் யந்திரங்களோடு பேசிக்கொண்டிருந்த கணினிச் சேவையும் நிறுத்தப்பட்டபோது, கைபேசியின் மூலம் கிடைத்த வசதிகளெல்லாம் போய், கையால் பொத்தானை அழுத்தி ஓட்டுவது ஒன்றுதான் மிஞ்சியது. முன்னோடியான ஐரோபாட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்துகொண்டது. எஜமானர் இங்கே நலமாக இருக்க, எங்கோ கடல் கடந்த தேசத்தில் ஒரு கணக்குப் புத்தகம் மூடப்பட்டதற்காகப் பணியாள் படுத்துவிடுவது புதுமையான நிலைமைதான்.

இந்தக் கேள்விகளைக் கூர்ந்து பாருங்கள். பாதிக்கு மேல் யந்திரத்தைப் பற்றியவை அல்ல. நம் வீட்டைப் பற்றியவை. நிலைப்படியின் உயரத்தையும் கட்டிலின் அடியையும் எந்த வீட்டுத் தலைவர் இதற்கு முன் அளந்து பார்த்திருக்கிறார்? தினமும் அந்தக் கட்டிலுக்கடியில் கையை நீட்டியவளுக்கு அளவு தெரியும். அவளை யாரும் கேட்டதில்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. சோதனைக்காக வீடுகளில் ஓடிய ரூம்பா யந்திரங்கள் 2020-ல் எடுத்த படங்கள் சில இணையத்தில் வெளியாகியிருந்தன. அவற்றில் ஒன்று, கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படம். அவை விற்பனைக்கு வந்த யந்திரங்கள் அல்ல, சோதனைக்கு இசைந்து கையெழுத்திட்டவர்களின் வீடுகளில் ஓடியவை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அது இருக்கட்டும். அந்தப் படங்கள் எப்படி வெளியேறின? யந்திரத்துக்கு ‘இது நாற்காலி, இது சுவர்’ என்று கற்பிக்க, படங்களில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் யாராவது பெயர் எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் வெனிசுவேலா நாட்டில், துண்டு துண்டாகக் கூலி பெறும் தொழிலாளிகள். அவர்களில் சிலர் அந்தப் படங்களைத் தங்கள் குழுக்களில் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றுகின்றன. பத்து வருஷம் வீட்டில் உழைத்தவள் வருகிற நேரத்தில் அலமாரியைப் பூட்டி வைக்கிறோம். ஒரு கரண்டி காணாமற்போனால் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறோம். கேமராவோடு கூடிய அந்நியன் ஒருவனைப் படுக்கையறைக்குள் உலவவிடும்போது அந்தச் சந்தேகம் எங்கே போய்விடுகிறது? இரண்டாவது, ‘ஆள் இல்லாத வேலை’ என்று நாம் நினைப்பதும் சரியன்று. நம் தரையைப் பெருக்குகிற கூட்டத்தில், நாம் கண்ணால் பார்த்திராத தேசத்தில் இரவு விழித்துப் படங்களுக்குப் பெயரெழுதுகிறவரும் சேர்ந்திருக்கிறார். உழைப்பு மறையவில்லை, நம் பார்வைக்கு அப்பால் நகர்ந்திருக்கிறது.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

யந்திரம் ஓடுவதற்கு முன்னால் தரையிலுள்ள கம்பிகளைச் சுருட்டி எடுக்க வேண்டும். மிதியடியின் குஞ்சத்தை மடித்துவிட வேண்டும். நாற்காலிகளை மேஜைமீது கவிழ்க்க வேண்டும். தொங்கும் திரைச்சீலையைச் செருகி வைக்க வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அது அசுத்தம் செய்திருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யந்திரம் அதை வீடு முழுவதும் மெழுகிவிடும். ஓடி முடிந்தபின் தூசிப் பெட்டியைக் கொட்ட வேண்டும். வாரம் ஒரு முறை உருளைத் தூரிகையைக் கழற்றி, முனைகளில் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். அடியிலுள்ள ஒளிக் கண்களையும், மின்சாரம் ஏற்றும் தகடுகளையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கழுவக்கூடிய வடிகட்டியானால் கழுவி, ஒரு முழு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். தரை துடைக்கும் வசதி இருந்தால் தொட்டியில் பழைய தண்ணீர் தங்கக் கூடாது. துணியைத் துவைத்து வெயிலில் போட வேண்டும். சில மாதங்களுக்கொரு முறை வடிகட்டியையும் பக்கத் தூரிகையையும் புதிதாக மாற்ற வேண்டும்.

இவை அவ்வளவும் யார் செய்வது? நாம்தான்.

அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரூம்பா வாங்கியவர்களில் பலர் அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். ஆண் என்றோ பெண் என்றோ சொல்கிறார்கள். அது சுலபமாக ஓடுவதற்காக வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுகிறார்கள் என்று கண்டார்கள். இந்த இடமாற்றத்துக்கென்று ‘ரூம்பாமயமாக்கல்’ என்பது போல ஒரு தனிச் சொல்லே உண்டாகியிருந்தது.

கடல் கடந்து போவானேன்? சென்னையில் என் நண்பர் ஒருவர் வீட்டிலேயே இந்தக் காட்சியைக் கண்டேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷ இல்லற வாழ்வில், வீட்டைச் சுத்தமாக வைப்பதில் அவருடைய பங்கு ஒன்றே ஒன்றுதான்: துடைப்பம் அருகில் வரும்போது பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கால்களையும் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவார், துடைப்பம் போனதும் இறக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தூரிகையிலிருந்து முடியை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலிகள் மேஜைமேல் ஏறியிருந்தன.

அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிற அம்மாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே நண்பரின் மனைவியிடம் சொன்னாள்:

“ஏம்மா, ஐயாவுக்கு நாற்காலி தூக்கத் தெரியும்னு எனக்கு இத்தினி நாளும் தெரியாமப் போச்சே!”

நண்பரின் மனைவி உடனே, “உனக்கு மட்டுமா? எனக்கும்தான் தெரியாது” என்றார்.

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. ஆனாலும் அந்தக் கேலிக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. வாதியும் சாட்சியும் அவ்விருவர்தாம். துடைப்பம் எப்போதும் கூலிக்கு வந்தவள் கையில் மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது மனைவியின் கையிலோ தாயின் கையிலோதான் இருக்கிறது. வேலைக்காரிக்காகக் குனியாதவர் தாய்க்காகவும் குனிந்ததில்லை.

யந்திரத்துக்காக மட்டும் ஏன் குனிகிறோம்? விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், யந்திரத்துக்குப் பொறுமை கிடையாது என்பது. கம்பி சிக்கினால் நின்றுவிடுகிறது. முடி சுற்றினால் கூவி அழைக்கிறது. சலுகை காட்டுவது, பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடிப்பது, ‘பரவாயில்லை, நானே நகர்த்திக்கொள்கிறேன்’ என்பது ஒன்றும் அதற்குத் தெரியாது. மனிதர்களுக்குத் தெரிகிறது. வலிக்கிற இடுப்போடு ஒருத்தி பெருக்கி முடித்துவிடுகிறாள். பெருக்கி முடித்துவிட்டதனாலேயே அவளுக்கு வலிக்கவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவளுடைய சகிப்பையே நம்முடைய சௌகரியமாக்கிக்கொண்டிருக்கிறோம். சகிக்கத் தெரியாத யந்திரம் வந்து நம்மிடமிருந்து நியாயமான பணிவிடையை வாங்கிக்கொள்கிறது.

‘யந்திரத்தைப் பேணுவது சுயநலம். அதை மனிதருக்குச் செய்யும் மரியாதையோடு ஒப்பிடலாமா?’ என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஒப்பிடலாம் என்றே நினைக்கிறேன். நேரமில்லை, பழக்கமில்லை, ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று எத்தனையோ காரணங்களை இதுவரை சொல்லி வந்தோம். சுயநலம் ஒரு தட்டுத் தட்டியதும் நேரமும் வந்தது, பழக்கமும் வந்தது, இடுப்பும் வளைந்தது. ஆக, சக்தி இல்லாமல் போகவில்லை. மனம்தான் இல்லாமல் இருந்தது. யந்திரம் நமக்குக் கற்பித்தது புதிய குணம் ஒன்றையும் அல்ல. பழைய சாக்குகள் அனைத்தும் பொய் என்று நிரூபித்திருக்கிறது, அவ்வளவே.

இதனால் துடைப்பத்தைத் தெய்வமாக்கி யந்திரத்தைத் தூற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதுகு வளைந்து தூசு குடிக்கும் வேலையில் எந்தப் புனிதமும் இல்லை. அதைப் புனிதம் என்று போற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்யாதவர்கள். ஸ்பாங்க்ளரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யந்திரம் வரட்டும். வந்தபின் மிச்சமாகும் நேரமும் நிம்மதியும் யாருக்குச் சேரும் என்பதே கேள்வி.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை, வீட்டு யந்திரங்கள் பெண்களின் வேலையைக் குறைத்தனவா என்று ஆராய்ந்து 1983-ல் ஒரு நூல் எழுதினார். ‘தாய்க்கு இன்னும் அதிக வேலை’ என்ற பொருளில் அதற்குப் பெயர். முற்காலத்தில் கம்பளங்களை எப்போதோ ஒரு முறை, வீட்டு ஆண்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து வெளியே இழுத்துப் போட்டு அடித்துச் சுத்தம் செய்தார்கள். யந்திரம் வந்ததும் அதே வேலையை வாராவாரம் தாய் ஒருத்தியே செய்யலானாள். உழைப்பு இலகுவாயிற்று, ஆனால் சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது, உதவிக்கு வந்த கைகள் விலகிக்கொண்டன. நம் வீடுகளிலும் இது நடக்கக்கூடும். பெருக்கும் வேலை போனது என்று காரணம் காட்டி வேலைக்கார அம்மாளின் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயைக் குறைத்தால், யந்திரத்தின் விலையில் ஒரு பகுதியை அவளே கட்டுகிறாள் என்றுதான் அர்த்தம். தூரிகையைக் கழுவும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டினால் எஜமானர்கள் இரண்டாகிவிடுகிறார்கள்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களைப் போல ஓய்வும் விடுப்பும் உரிமை என்று சொல்லும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் முறைப்படி ஏற்று உறுதி செய்யவில்லை. யந்திரத்துக்கோ பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு புத்தகம் வருகிறது. எத்தனை மணி நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஓய்வு வேண்டும், எது ஆகாது, எந்த உறுப்பு எப்போது தேயும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நாமும் சிரத்தையாக அதைப் படிக்கிறோம்.

ஆகவே, இந்த யந்திரத்தை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு சோதனையைச் சிபாரிசு செய்வேன். செலவில்லாத சோதனை. வாங்குவதற்கு முன் ஒரு மாத காலம், வீட்டில் பெருக்குகிறவர் யாராக இருந்தாலும், அவர் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் நாற்காலிகளைத் தூக்கி வையுங்கள். கம்பிகளைச் சுருட்டுங்கள். கட்டிலடியில் கிடக்கும் செருப்பை எடுங்கள். துடைப்பம் தேய்ந்திருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே புதிது வாங்கி வையுங்கள். இடுப்பு வலிக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஒரு மாதம் இதைத் தவறாமல் செய்ய முடிந்தால் தாராளமாக யந்திரத்தை வாங்கலாம். உங்கள் வீட்டில் அது நெடுநாள் உழைக்கும். பத்தாம் நாளே சலித்துவிட்டால் பணத்தை வீணாக்க வேண்டாம். தூரிகையில் முடி சுற்றி, வடிகட்டியில் தூசு அடைத்து, ஆறு மாதத்தில் அது கட்டிலடியில் முடங்கிவிடும். அப்புறம் அதைச் சுற்றிப் பெருக்குவதும் அந்த அம்மாளின் வேலைகளில் ஒன்றாகிவிடும்.